நான் துடைத்த ஏழு காசு

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரகடத்தில் கார் உதிரி பாகங்களுக்கு முலாம் பூசும் சின்னக் கம்பெனி ஒன்றில் கடைசி மேஜை என்னுடையது. தொட்டியில் முங்கி, கழுவி, காய்ந்து வரும் போல்ட்டுகளையும் கிளாம்புகளையும் ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். புள்ளி இருந்தால் ரிஜெக்ட். கறை இருந்தால் ரிஜெக்ட். சந்தேகமாக இருந்தாலும் ரிஜெக்ட்தான். பதினொரு வருஷமாக இதையே செய்ததில் கண் கெட்டுப்போய்விட்டது. ஓட்டலில் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். என்னைப் பெண் பார்க்க வந்த ஒருவருடைய சட்டைக் காலரில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. அது நினைவிருக்கிறது, ஆளின் முகம் நினைவில்லை. அந்தச் சம்பந்தம் கறையால் நின்றுபோகவில்லை. நான் வேலையை விட வேண்டும் என்றார்கள், எனக்கு விட மனமில்லை.

சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். இங்கே வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊரில் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை. வீட்டுக்காரம்மாவை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. நிலத்தை விற்றுவிட்டு, இருந்த மனையில் எட்டு அறைகள் கட்டி எங்களைப் போன்றவர்களுக்கு விட்டிருந்தார். மகன் இருங்காட்டுக்கோட்டையில் வேலை. மனைவி, குழந்தையுடன் மாடியில் இருந்தான். அறைகளுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் கிடந்தது. முன்பு அவர்களுடைய பழைய ஓட்டு வீடு அங்கேதான் இருந்ததாம். பொக்லைன் விட்டு இடித்துத் தள்ளி, மண்ணை நிரவிவிட்டு, பிறகு எதுவும் கட்டாமல் விட்டுவிட்டார்கள். ஒரு முருங்கை மரமும் எருக்கஞ்செடிகளும்தான் மிச்சம்.

அந்தக் காலி இடத்தில்தான் என் தோடு விழுந்தது. காலை ஷிப்ட்டுக்கு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அதன் குறுக்கே ஓடுவது வழக்கம். ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து காதைத் தொட்டால் இடது காது மொட்டையாக இருந்தது. என் முதல் போனஸில் நானே வாங்கிப் போட்டுக்கொண்டது. இரண்டு நாள் குனிந்து தேடினேன். மூன்றாம் நாள் எரிச்சலில் ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டருக்கு ஆர்டர் போட்டேன். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி நம் உடம்பில் தடவுவாரே, அதற்கு அண்ணன் மாதிரி. நீளமான குச்சி, அடியில் ஒரு தட்டு, காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன்.

நான் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாமா, கண்ணிவெடியா தேட்ற?" என்றார். "தோண்டறதுதான் தோண்ட்ற, அப்படியே நாலு கத்திரிச் செடி நட்டு வுடு" என்றும் சொன்னார்.

தோடு கிடைக்கவில்லை. இன்று வரை கிடைக்கவில்லை. கிடைத்தவை சோடா மூடிகள், கதவுக் கீல், ஒரு ஸ்பேனர், முலாம் ஒழுங்காக ஏறாத ஒரு போல்ட். அந்த போல்ட்டை யார் பாஸ் செய்தார்களோ என்று கொஞ்ச நேரம் கோபமாக இருந்தேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் எல்லோரும் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பேரனுக்குக் காது குத்துவதற்கு மண்டபம் கேட்கப் போனார்கள். நான் முருங்கை மரத்துக்குக் கிழக்கே தட்டை ஆட்டிக்கொண்டிருந்தேன். காதில் சத்தம் வந்தது. சோடா மூடிக்கு வரும் கரகரப்பு இல்லை, இழுத்துப் பிடித்த ஒரே சத்தம். களைக்கொத்தால் இரண்டு சாண் தோண்டினேன். கையில் எடுத்ததும் உதிர்ந்துபோகிற துணி நூல்கள். அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஏழு வட்டங்கள். தோசைக்கல் கறுப்பு. ஒன்றைக் கல்லில் லேசாக உரசினேன். உரசிய இடத்தில் வெள்ளி தெரிந்தது.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது, அக்கா வரும்வரை அதை ஒரு தட்டில் வைத்துவிட்டுக் காத்திருப்பது. மண் அவருடையது, மண்ணுக்குள் இருந்ததும் அவருடையது. ஆனால் கறுத்த உலோகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. பளபளவென்று ஆக்கி அவர் கையில் கொடுத்து அசத்த வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. கண்ணிவெடி என்று கிண்டல் செய்தவர் இல்லையா.

வெள்ளி கறுப்பது அழுக்கினால் இல்லை. காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கந்தகம் அதன் மேல்தோலைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கம்பெனியில் கறுப்பை எடுக்க அமிலம் உண்டு. ஒரு முக்கு, ஒரு கழுவல், வேலை முடிந்தது. ஆனால் ஒரு சொட்டுகூட கேட்டைத் தாண்டக் கூடாது, நானும் தாண்டவிட்டதில்லை. வீட்டில் செய்கிற முறை ஒன்றை எங்கள் கெமிஸ்ட் சொல்லியிருந்தார். பரோட்டா பார்சலில் வந்த அலுமினியத் தாளைக் கழுவிக் கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் விரித்தேன். கொதிக்கிற தண்ணீரில் ஆப்ப சோடாவும் உப்பும் கரைத்து ஊற்றி, காசுகள் தாளைத் தொடும்படி பரப்பினேன். கொஞ்ச நேரத்தில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். காசின் கறுப்பு குறையக் குறைய அலுமினியத் தாள் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு தடவை தண்ணீர் மாற்றினேன்.

முதலில் தாடி தெரிந்தது. பிறகு கிரீடம், காது, கோட்டில் சங்கிலி. ஆறு காசில் ராஜா. ஒன்றில் மட்டும் கிரீடம் வைத்த ராணி. கறுப்பு போன பிறகுதான், அதுவரை கண்ணில் படாத ஒன்று தெரிந்தது. சிவப்பு. எண்ணெய்ப் பிசுக்கோடு இறுகிப்போன, கறுஞ்சிவப்பான ஒரு படிவு.

வழக்கம்போல ஏழையும் ஒரு துணியில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ராஜா காசு ஆறிலும் தலைப் பக்கம் சுத்தமாக இருந்தது. பின்பக்கம் பூவும் கொடியுமாக ஒரு வளையம் இருக்கிறதே, அதன் மேல்தான் சிவப்பு. ராணி காசு நேர் எதிர். பின்பக்கம் சுத்தம், தலைப் பக்கத்தில், கிரீடத்துக்குக் கீழே நெற்றியில் சிவப்பு.

எங்கள் வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு பீஸில் கறை இருந்தால் அது தற்செயல். ஆறு பீஸில் ஒரே இடத்தில் கறை இருந்தால் அது தற்செயல் இல்லை. பின்னால் ஒரு மெஷினோ ஒரு கையோ இருக்கிறது. லைனை நிறுத்து, ஏன் என்று கேள், பிறகு தொடு. புதிதாக வருகிற பெண்களுக்கு இதை நானே வருஷா வருஷம் சொல்லித் தருகிறேன். அன்றைக்கு நான் அதைப் பார்த்தேன். ஆறு ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம் என்பது மனசில் நன்றாகப் பதிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. மண்ணில் ஏதோ இரும்பு கிடந்திருக்கும், துரு ஏறியிருக்கும் என்று எனக்கு நானே ஒரு ரிப்போர்ட் எழுதிக்கொண்டு பல்குச்சியை எடுத்தேன்.

அந்தச் சிவப்பு லேசில் வரவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து, எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்து, பழைய டூத் பிரஷ்ஷால் துலக்கி, பூக்களின் இதழ் இடுக்கில் இருந்ததைக் குச்சியால் ஒவ்வொரு துணுக்காகத் தோண்டினேன். ராணியின் நெற்றியில் இருந்ததுதான் கடைசி வரை மல்லுக்கு நின்றது. அதுவும் போனது. கடைசியாக விபூதியைத் தொட்டு மெல்லிய துணியால் மெருகேற்றினேன். ஏழும் நேற்று அச்சடித்த மாதிரி இருந்தன. ஒரு பீஸில்கூடக் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் அக்கா வந்ததும் தட்டில் வைத்து நீட்டினேன். அவர் அசந்துதான் போனார், ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

"எங்க எட்த்த இத?"

"அந்தா, முருங்கை மரத்துக்குக் கிழக்கால. ரெண்டு சாண் ஆழத்துல."

"ஏழா?"

"ஏழுதான்க்கா."

"அதுல ஒண்ணு பொம்பள தலையா?"

தட்டை அவர் கையில் வாங்கவே இல்லை. ராணி காசு அடியில் இருந்தது, அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்கு ஒன்றும் புரியாமல், "ரொம்பப் பழசா இருக்குக்கா, புதையல்னு வந்தா வி.ஏ.ஓ. கிட்ட சொல்லணுமாம்ல" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"புதையல் ஒண்ணும் இல்ல. எங்க மாமியா காசு" என்று சொல்லிவிட்டு அக்கா படியில் உட்கார்ந்தார். "அங்கதான் அப்போ உரல் இருந்துச்சி. உரலுக்கு அடியில போட்டு வெச்சிருக்குது."

அன்று அவர் சொன்னதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் சுருக்கமாகச் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு மாமியாருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பேச்சு நின்றுபோனது. பார்த்துக்கொள்ள மகள், அதாவது அக்காவின் நாத்தனார், குன்றத்தூரிலிருந்து வந்து நாற்பது நாள் தங்கி, மலம் மூத்திரம் எடுத்து, கஞ்சி ஊட்டினார். மாமியார் இறந்த பிறகு பெட்டியைத் திறந்தால் அவர் உயிராக வைத்திருந்த வெள்ளிக்காசு முடிச்சு இல்லை. பெட்டி இருந்த அறையில் படுத்துக்கொண்டிருந்தது நாத்தனார் ஒருவர்தான். பதினாறாம் நாள் காரியத்தில் உறவு முழுவதும் இலை முன் உட்கார்ந்திருந்த நேரத்தில், கையில் சாம்பார் கரண்டியோடு நின்ற அக்கா, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "பொட்டி பக்கத்துல படுத்துனு இருந்தவங்கள கேளுங்க, காசு எங்க போச்சின்னு" என்றார். நாத்தனார் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து போனார். அதன் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை. அண்ணன் இறந்தபோதுகூடத் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாராம்.

"அபாண்டமா சொல்ட்டேன்" என்றார் அக்கா. அழவில்லை. சேலை நுனியை எடுத்து, ஏற்கனவே மின்னிக்கொண்டிருந்த காசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நாளைக்கே போவணும். நீயும் வா. நீதான எட்த்த, நீ சொன்னாதான் நம்புவா."

நான் லீவு போட்டேன். பதினொரு வருஷத்தில் காய்ச்சல் இல்லாமல் போட்ட முதல் லீவு அதுதான்.

குன்றத்தூரில் மலைக்கோயில் அடிவாரத்துச் சந்து ஒன்றில் நாத்தனாரின் வீடு. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தவர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வழியை விட்டு நின்றார். நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்தோம். ஐம்பது வயதுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அக்கா மடியிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவிழ்த்து, காசுகளை டீப்பாய் மேல் வைத்தார். ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண் கூசியது.

"இது இன்னாது?"

"அம்மா காசு. உரல் இருந்த எடத்துல கெடச்சிது. நீ எடுக்கல. நான்தான் தப்பா பேசிட்டேன்."

நாத்தனார் ஒன்றை எடுத்தார். நகத்தால் கீறினார். திருப்பிப் பார்த்தார். ரிஜெக்ட் செய்கிறவர்கள் பீஸை எப்படித் திருப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் அப்படித்தான் திருப்பினார்.

"கடையிலேர்ந்து இப்பத்தான் வந்த மாரி கீது" என்றார். "பேரனுக்குக் காது குத்துன்னு கேள்விப்பட்டேன். அத்தைக்காரி எங்கன்னு நாலு பேரு கேப்பாங்க. அதுக்காகப் போய் ஏழு காசு வாங்கிக்கினு வந்தியா?"

"சத்தியமா இல்ல. அதே ஏழு. அதே ராணி."

"ஏழுன்னு உனக்குத் தெரியும். ராணி ஒண்ணுன்னும் தெரியும். ஊருக்கே தெரியும். வெள்ளிக் கடையில கேட்டா குடுக்க மாட்டானா?"

எனக்கு அப்போதுதான் நான் செய்த வேலையின் லட்சணம் புரியத் தொடங்கியது. கறுப்போடு கொண்டுவந்திருந்தால், அந்த நூல் துணுக்குகளோடு கொண்டுவந்திருந்தால், பார்த்த மாத்திரத்தில் ஒத்துக்கொண்டிருப்பார். இருபத்தாறு வருஷம் மண்ணுக்குள் கிடந்ததற்கு இருந்த ஒரே சாட்சியை நான்தான் சோடாவில் கரைத்திருந்தேன்.

"நான்தாங்க சுத்தம் பண்ணேன். கறுப்பாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"நீ யாரு?"

"அவங்க வீட்டுல குடியிருக்கேன்."

"வாடகைக்குக் கீற பொண்ணு. வூட்டுக்காரி சொல்லச் சொன்னா சொல்லத்தான செய்வ."

நாத்தனார் ஏழு காசையும் ஒவ்வொன்றாக, இரண்டு பக்கமும் பார்த்து முடித்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "எங்கம்மா காசுன்னா அதுல ஒண்ணு இருக்கணும். அது எங்க?" என்றார்.

அக்கா திருதிருவென்று முழித்தார். "எது?"

"சொல்லு. எங்கம்மா காசுல இன்னா இருக்கும்?"

"அத உங்கம்மா என்னைத் தொட வுட்டதே இல்லியே. எனக்கு எப்படித் தெரியும்?"

நாத்தனார் காசுகளைக் கைக்குட்டையில் போட்டு மடிக்கத் தொடங்கினார். அதோடு முடிந்தது என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது. "செவப்புங்களா?" என்று கேட்டேன்.

கை நின்றது. ஆனால் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "எந்தப் பக்கம்?"

"ராஜா காசுல தலைப் பக்கம் இல்ல. ஆறுலயும் பின்னாடி, பூ போட்டிருக்குற பக்கம். ராணியில மட்டும் முன்னாடி, நெத்தியில. கிரீடத்துக்குக் கீழ."

அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். தண்ணீர் குழாய் திறந்து ஓடுகிற சத்தம் வந்தது. அக்கா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது அவர் முகம் கழுவியிருந்தார்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் அம்மா அந்த முடிச்சை அவிழ்த்து, காசுகளைப் பலகையில் வைத்து, எண்ணெயில் குழைத்த குங்குமம் வைப்பாராம். உதவிக்கு மகள் மட்டும்தான் பக்கத்தில் உட்காரலாம். "ஆம்பள நெத்தியில, அதுவும் செத்துப்போன ஆம்பள நெத்தியில, நாம பொட்டு வெக்கக் கூடாதுன்னு சொல்லும். அதனால ராஜாவையெல்லாம் கவுத்துப் போட்டு, பூ மேல வெக்கும். ராணிக்கு மட்டும் நெத்தியில." அந்த ராணி நெடுங்காலம் விதவையாக இருந்தவர் என்று பிற்பாடு எங்கோ படித்தேன். அந்த வீட்டில் மட்டும் அவர் சுமங்கலியாகவே இருந்திருக்கிறார்.

"அத ஏன்மா எட்த்த?" என்று நாத்தனார் என்னைக் கேட்டார்.

"கறைன்னு நெனச்சேன்."

"கறை" என்று அவரும் ஒரு தடவை சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு அம்மாவின் கைவேலையில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான், அதைப் பல்குச்சியால் நோண்டி வாசலில் ஊதிவிட்டிருக்கிறேன்.

நாத்தனார் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். "காசு கெடைக்கலன்னா நீ வந்திருக்க மாட்ட."

அக்கா பொய் சொல்வார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். "மாட்டேன்" என்றார் அக்கா.

"அன்னிக்கு பதினாறாம் நாளு, அத்தினி பேரு சாப்ட்டுக்கினு இருக்கும்போது பந்தியில சொன்ன. இன்னிக்கு வூட்டுக்குள்ள வந்து, யாரும் இல்லாதப்போ காதோட சொல்ற. அது எப்படி?" குரல் உயரவே இல்லை. "காது குத்துக்கு வரேன். அங்கயும் பந்தி போடுவ இல்ல? அங்க சொல்லு. காச எட்த்துக்கினு போ. அது வேணும்னா நான் அப்பவே கேட்டிருப்பேன்."

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அக்கா, ஒரகடம் கூட்ரோடு தாண்டிய பிறகு, "எங்க மாமியா வுழறதுக்கு முன்னாடியே அத பொதச்சிருக்கணும். அவகிட்டேர்ந்து ஒளிக்கல" என்றார். "எங்கிட்டேர்ந்து ஒளிச்சிருக்குது." நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

காது குத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. மகனுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "எல்லாரும் மறந்துட்டாங்கம்மா. என் மாமனார் வூட்டு ஆளுங்க எல்லாம் வராங்க. அவுங்க முன்னாடி நீ பொய் சொன்னேன்னு நீயே சொல்லப் போறியா? அத்தை கால்ல வேணா நான் வுழறேன், அதோட வுட்டுடு" என்று மாடியில் சொல்வது என் அறைக்குக் கேட்கும். மருமகள் அதற்குப் பிறகு மாமியாரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் அக்கா என்னிடம், "சொன்னா இவுங்க மதிக்க மாட்டாங்க. சொல்லலன்னா அவ வரமாட்டா. இன்னா பண்றது?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

வல்லக்கோட்டையில் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் காது குத்து. குழந்தை மண்டபம் அதிர அழுது, வாயில் சர்க்கரை போட்டதும் நின்றது. முதல் பந்திக்கு இலை போட்டார்கள். அக்காவின் மகனோடு வேலை செய்கிற பையன்கள் ஒரு வரிசை, மதியம் ஷிப்ட்டுக்குப் போக வேண்டும் என்று அவசரமாக உட்கார்ந்தார்கள். எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் ஒரு வரிசை. சம்பந்தி வீட்டார் ஒரு வரிசை. நாத்தனார் தன் மருமகளோடு வந்து, எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தார். சோறு விழுந்தது. அவர் கை வைக்கவில்லை. மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு காத்திருந்தார்.

அக்கா வந்து வரிசைக்கு நடுவில் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். தண்ணீர் பாட்டில் வைக்கிறவன் வழி கேட்டான், ஒதுங்கினார். மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றார். இந்த அம்மா இன்றைக்குச் சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தோன்றிய நேரத்தில் பேசிவிட்டார்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. எங்க மாமியா செத்தப்போ அவுங்க வெள்ளிக்காசு காணாப்போச்சி. என் நாத்தனார்தான் எட்த்தாங்கன்னு நான் பந்தியில சொன்னேன். அவுங்க எடுக்கல. காசு எங்க வூட்டு மண்ணுலயே இருந்துச்சி. நான் சொன்னது பொய்யி. அவுங்க என்னை மன்னிக்கணும்."

கை கூப்பினார். குரல் கடைசி வரிசைவரை போனதா என்று தெரியவில்லை. சாம்பார் வாளிக்காரர் நிற்கவே இல்லை, ஊற்றிக்கொண்டே போனார். ஷிப்ட் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் கூட்டை இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "யாரு திருடினது?" என்று விசாரித்தார். அன்றைக்குப் பதினாறாம் நாள் பந்தியில் இருந்தவர்கள் இந்த மண்டபத்தில் மூன்று நான்கு பேர்கூட இருக்க மாட்டார்கள். மற்றவர்களுக்குத் திருட்டு என்று ஒன்று நடந்ததாகச் சொல்லப்பட்டதும், அது நடக்கவில்லை என்பதும் அந்த ஒரே நிமிஷத்தில்தான் தெரிந்தது. கேட்க வேண்டியவர்களில் பலர் செத்துப்போயிருந்தார்கள். இதை என் மேஜைக்குக் கொண்டுவந்திருந்தால் பாஸ் செய்திருக்க மாட்டேன்.

நாத்தனாரின் மருமகளுக்கும் அதுவரை எதுவும் தெரியாது போலிருக்கிறது. முகம் வெளுத்துப்போய், "இன்னா அத்தே, திருட்டா? நீங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஆமா. இருபத்தாறு வருசமா திருடியாத்தான் இருந்தேன்" என்றார் நாத்தனார். "இப்பத்தான் வுட்டாங்க."

பிறகு இலையில் இருந்த சோற்றைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் கூப்பிய கையோடு நின்றுகொண்டிருந்த அக்காவை நிமிர்ந்து பார்த்து, "சோறு ஆறிப்போச்சி. சாம்பாரு சூடா ஊத்தச் சொல்லு அண்ணி" என்றார்.